சர்க்கரையை அடக்குவது மாத்திரையா, சாப்பாட்டுத் தட்டா?



சர்க்கரை நோயை அடக்குவது மாத்திரையா, சாப்பாட்டுத் தட்டா என்று தலைப்புக் கொடுத்திருக்கீங்க. தட்டுதான் என்று பேச வந்திருக்கேன். வாதத்துக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு சாட்சியை மட்டும் சொல்லிடறேன். நிகழ்ச்சி தொடங்குறதுக்கு முன்னால, மேடைக்குப் பின்னாடி எங்களுக்கெல்லாம் போண்டாவும் காபியும் கொடுத்தாங்க. இப்ப பேசிட்டு உட்கார்ந்த எதிரணித் தம்பி மூணு போண்டா சாப்பிட்டார். நான் எண்ணினேன். நாலாவதுக்குக் கை போகும்போது, "தம்பி, உங்களுக்கும் சுகர்னு சொன்னீங்களே?"ன்னு கேட்டேன். சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். "மாத்திரை இருக்கு மேடம், பயமே இல்லை"ன்னார். நடுவர் அவர்களே, போண்டா வயித்துக்குள்ள போயாச்சு. மாத்திரை இன்னும் சட்டைப் பையிலதான் இருக்கு!

எனக்கு இது ஏட்டுப் பாடம் இல்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் எனக்கும் இந்த நோய் வந்திருப்பது தெரிந்தது. வெறும் வயிற்றில் 158. சாப்பிட்ட பிறகு 264. மூன்று மாதச் சராசரி என்று சொல்கிறார்களே, அது 8.4. டாக்டர் மாத்திரை எழுதினார். இன்றைக்குக் காலையிலும் அதைப் போட்டுக்கொண்டுதான் இந்த மேடைக்கு வந்திருக்கிறேன். ஆகவே மாத்திரையைத் திட்டுவதற்காக நான் எழுந்து நிற்கிறேன் என்று யாரும் நினைத்துவிடாதீங்க. எங்கள் அணி கேட்பது வேற. இரண்டில் முதல் இடம் எதுக்கு? கேள்வி அவ்வளவுதான்.

எதிரணியின் முதல் பேச்சாளர் நேரே கனடாவுக்கே போயிட்டார். 1921-ல் டொராண்டோ நகரத்தில் பேண்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள், 1922 ஜனவரியில் லெனார்டு தாம்சன் என்கிற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக ஊசி போட்டார்கள், சாகக் கிடந்த பிள்ளை எழுந்து உட்கார்ந்தான் என்று சொன்னார். கைகூப்ப வேண்டிய செய்தி. மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு இருந்தது முதல் வகை. அவன் உடம்பில் இன்சுலின் சுரக்கவே இல்லை. அவனுக்கு ஊசிதான் உயிர். அதில் வாதமே கிடையாது.

நம்மில் பெரும்பாலோருக்கு நாற்பது, ஐம்பது வயதில் வந்து நிற்பது இரண்டாம் வகை. இதில் இன்சுலின் சுரக்குது. ஆனால் உடம்பு அது சொல்றதைக் கேட்க மாட்டேங்குது. வீட்டில் அம்மா ஒருத்தி கத்திக்கிட்டே இருக்கா, பிள்ளைங்க காதிலேயே வாங்கலைன்னா என்ன ஆகும்? அவ இன்னும் சத்தமாக் கத்துவா. கத்திக் கத்திக் கடைசியில அவளுக்குத் தொண்டை கட்டிப் போயிடும். நம்ம கணையத்துக்கு நடக்கிறது இதுதான். அவ குரல் போகாம இருக்கணும்னா என்ன செய்யணும்? வீட்டில நடக்கிற கூத்தைக் குறைக்கணும். கூத்து எங்கிருந்து வருது? தட்டிலிருந்துதான் வருது. உடம்பில் ஏறின எடையிலிருந்து வருது. உட்கார்ந்தே கிடப்பதிலிருந்து வருது.

இதை நான் சொன்னால் தமிழ் வாத்தியாருக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று கேட்பீங்க. கேளுங்க. திருக்குறளில் 95-ஆவது அதிகாரத்துக்கு வள்ளுவர் வைத்த பெயர் என்ன? 'மருந்து'. வீட்டுக்குப் போய்ப் புரட்டிப் பாருங்க. பெயரைப் பார்த்தால் சூரணமும் லேகியமும் வரிசையா வரும்னு நினைப்போம். வராது. முந்தினது செரிச்சுதா, பசிச்சுதா, எவ்வளவு சாப்பிட்டே, உன் உடம்புக்கு ஒத்துப்போச்சா என்றே கேட்டுக்கிட்டு வருவார். வைத்தியர் எங்கே உள்ளே வரார் தெரியுமா? கடைசி மூன்று குறளில். அவ்வளவு நேரம் அவரை வாசலில் உட்கார வைத்துவிட்டார் வள்ளுவர்!

சரி, வள்ளுவர் பழைய ஆள் என்று எதிரணி சொல்லும். நம்ம சென்னைக்கே வாங்க. இந்த ஊரில் நீரிழிவுக்கென்று ஒரு மரபே இருக்கு. 1948-ல் ஸ்டான்லி மருத்துவமனையில் பேராசிரியர் எம். விஸ்வநாதன் அதற்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். பிறகு ராயபுரத்தில் மருத்துவமனை கண்டார். அந்த வழியில் வந்த டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் செய்த ஒரு ஆய்வைத்தான் நான் என் வழக்குக்கு ஆவணமாக வைக்கிறேன். இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு. 2006-ல் வெளிவந்தது. நோயின் வாசற்படியில் நிற்கிற 531 பேரை நாலு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்குச் சாதாரண அறிவுரை. இன்னொரு கூட்டத்துக்குச் சாப்பாடு, நடை இரண்டையும் விடாமல் கண்காணித்தார்கள். மூன்றாவது கூட்டத்துக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. நாலாவதுக்கு இரண்டும்.

மூன்று ஆண்டில் என்ன ஆச்சு? சும்மா விட்ட கூட்டத்தில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்துவிட்டது. தட்டைத் திருத்தி நடந்தவர்களில் 39. மாத்திரை போட்டவர்களில் 40, 41. இரண்டும் செய்தவர்களில் 39, 40. எதிரணி இப்ப துள்ளிக் குதிக்கும், "பார்த்தீங்களா, மாத்திரையும் அதே அளவுக்கு வேலை செஞ்சிருக்கு!" என்று. செஞ்சிருக்கு. ஆனால் நாலாவது கூட்டத்தைப் பாருங்க. தட்டைத் திருத்தியவர்களுக்கு மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்தும் கூடுதலா லாபம் வரலை. அமெரிக்காவில் இதே மாதிரி ஒரு ஆய்வு 2002-ல் வந்தது. அங்கே மாத்திரை நோய் வரும் வாய்ப்பை 31 விழுக்காடு குறைத்தது, வாழ்க்கை முறை மாற்றம் 58 விழுக்காடு குறைத்தது. இவங்களுக்கெல்லாம் நோய் இன்னும் வரலை, வாசலில் நின்றது என்பதையும் நானே சொல்லிடறேன். எதிரணிக்கு அந்தச் சிரமம் வேண்டாம்.

வந்தவர்கள் கதை என்ன? இங்கிலாந்து, ஸ்காட்லாந்தில் நடந்து 2017 டிசம்பரில் வெளிவந்த ஆய்வு ஒன்று. நோய் கண்டு ஆறு ஆண்டுக்கு உட்பட்டவர்களைச் சேர்த்தார்கள். டாக்டர் கண்காணிப்பில் மாத்திரையை நிறுத்திவிட்டு, மிகக் குறைந்த கலோரி உணவு கொடுத்து எடையைக் குறைத்தார்கள். ஒரு ஆண்டு கழித்துப் பார்த்தால் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, சரியாச் சொன்னால் 46 விழுக்காட்டினருக்கு, மாத்திரை இல்லாமலே சர்க்கரை நோயின் எல்லைக்குக் கீழே இறங்கியிருந்தது. 15 கிலோ, அதுக்கு மேல குறைத்தவர்களில் 86 விழுக்காடு. ஆனால் அதிலும் ஒரு பாடம் இருக்கு. எடை திரும்பி வந்தவர்களுக்குச் சர்க்கரையும் கூடவே திரும்பி வந்தது. அதனால "ஒரே மாதத்தில் சர்க்கரை நோய்க்கு விடுதலை" என்று யாராவது சுவரில் எழுதியிருந்தால் அந்தச் சுவரைத் தாண்டிப் போயிடுங்க.

சரி, தட்டு தட்டு என்கிறாயே, நம்ம தட்டில் அப்படி என்ன கோளாறு? சொல்றேன். நம்ம வீட்டில் சாதம் எத்தனை ரவுண்டு? சாம்பாருக்கு ஒண்ணு, ரசத்துக்கு ஒண்ணு, மோருக்கு ஒண்ணு. கறி எவ்வளவு? ஓரத்தில் ஒரு கரண்டி, இலையில் பொட்டு வைச்ச மாதிரி. நூறு கிராம் சாதத்தில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து. அதை மூணு ரவுண்டால் பெருக்குங்க. காபியைக் கேளுங்க. ஒரு நாளைக்கு மூணு காபி, ஒவ்வொன்றுக்கும் ரெண்டு ஸ்பூன், ஸ்பூனுக்கு அஞ்சு கிராம் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 30 கிராம். மாதத்துக்கு 900 கிராம். ஒரு ஆளுக்கு! ரேஷன் கடையில ஒரு கிலோ சர்க்கரைக்குக் க்யூவில் நிற்கிறோம், உள்ளே ஒரு கிலோவைக் காபியில் கரைச்சுக் குடிக்கிறோம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2022-ல் சொன்னது இதுதான். நம் மக்களின் உணவில் மாவுச்சத்து 60-லிருந்து 75 விழுக்காடு வரை இருக்கு, அதைப் பாதி அளவுக்குக் கொண்டு வாருங்கள், புரதத்தை 20 விழுக்காடு அளவுக்கு உயர்த்துங்கள் என்று. சாதத்தை ஒழி என்று சொல்லலை. தட்டில் பாதி காய், கீரை. கால் பகுதி பருப்போ சுண்டலோ முட்டையோ மீனோ. மீதிக் கால் பகுதி சாதம். சாதத்தை ராஜாவா வச்சிருந்தோம். மந்திரியாக்கச் சொல்றாங்க. சிறுநீரகத்தில் ஏற்கெனவே பழுது இருப்பவர்கள் மட்டும் புரதத்தைக் கூட்டுவதற்கு முன்னால் டாக்டரைக் கேட்டுக்கணும்.

ஆனால் நம்ம ஆட்கள் செய்கிறது என்ன? சாதத்தை விட்டுட்டு அஞ்சு சப்பாத்தி சாப்பிடுவாங்க. கேட்டால் "கோதுமைங்க!" கோதுமையும் மாவுதானே ஐயா? சீனியை விட்டுட்டு நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன். கணையத்துக்கு நிறம் தெரியாதுங்க. வெள்ளையா வந்தாலும் கறுப்பா வந்தாலும் அதுக்கு ஒண்ணுதான். நடேசன் பூங்காவில் காலையில் நாலு சுற்று நடப்பாங்க. வெளியே வந்து பாகற்காய்ச் சாறு, அருகம்புல் சாறு. அப்புறம் நண்பர்களோட ஒரு நெய் ரோஸ்ட், சர்க்கரை போட்ட காபி. நடந்ததுக்குச் சம்பளம் வாங்கிட்டுப் போற மாதிரி! உடற்பயிற்சி சொல்லித் தருவதற்கென்றே 1920-ல் ஹாரி க்ரோ பக் தொடங்கிய கல்லூரி இருக்கிற இடம் இந்த நந்தனம். இங்கே இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் போகமுடியுமா?

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். எந்தச் சாப்பாடு எனக்கு ஆகும், எது ஆகாது என்று எப்படித் தெரிந்துகொள்வது? பக்கத்து வீட்டு மாமி ஒண்ணு சொல்றாங்க, தொலைக்காட்சியில் ஒருத்தர் ஒண்ணு சொல்றார். யாரைக் கேட்பது? உங்க விரலைக் கேளுங்க!

எங்க அப்பா காலத்தில் இது எவ்வளவு பெரிய பாடு தெரியுமா? பெனடிக்ட் கரைசல்னு ஒரு நீல நிறத் தண்ணீர். கண்ணாடிக் குழாயில் அதை அஞ்சு மில்லி ஊத்தி, எட்டுச் சொட்டுச் சிறுநீரை விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சணும். நீலமாவே இருந்தால் நிம்மதி. பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என்று மாறினால் வீடே வாடும். ரத்தத்தில் ஏறக்குறைய 180-ஐத் தாண்டினால்தான் சிறுநீரில் சர்க்கரை தெரியும். திருடன் வீட்டைக் காலி பண்ணிட்டுத் தெருமுனைக்குப் போன பிறகு நாய் குரைக்கிற மாதிரி.

அமெரிக்காவில் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன் என்று ஒரு எஞ்சினியர். 12 வயதில் முதல் வகை நோய் வந்தவர். 1969-ல் ஒரு விளம்பரம் பார்த்தார். ஒரு சொட்டு ரத்தத்தில் சர்க்கரையைச் சொல்லும் இயந்திரம். ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான எடை. விலை 650 டாலர். ஆனால் நோயாளிக்கு விற்க மாட்டார்களாம், டாக்டர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும்தான் விற்பார்களாம். உன் ரத்தம், உன் சர்க்கரை, ஆனால் நீ பார்க்கக் கூடாது! அவர் மனைவி ஒரு டாக்டர். அவர் பெயரில் வாங்கினார். நம்ம ஊரில் மனைவி பெயரில் மனை வாங்குவாங்க, இவர் மனைவி பெயரில் ஆயுளை வாங்கினார். ஒரு நாளைக்கு அஞ்சு தடவை பார்த்தார், எழுதினார். எந்தச் சாப்பாட்டுக்கு எவ்வளவு ஏறுது, எவ்வளவு இன்சுலினுக்கு எவ்வளவு இறங்குது என்று கண்டுபிடித்துத் தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். இதைக் கட்டுரையாக எழுதி அனுப்பினால் மருத்துவ இதழ்கள் திருப்பி அனுப்பின. மனிதர் விடவில்லை. 45 வயதில் மருத்துவக் கல்லூரியில் போய்ச் சேர்ந்து தானே டாக்டர் ஆகிவிட்டார்! 2025-ல் தொண்ணூறு வயதில்தான் காலமானார்.

இன்றைக்கு அந்த இயந்திரம் உள்ளங்கையில் அடங்குது. மருந்துக் கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். வாங்கி என்ன செய்கிறோம்? பீரோவில் பட்டுப்புடவைக்குக் கீழே வைக்கிறோம்!

நான் என்ன செய்தேன் என்று சொல்றேன். முதல் மூன்று வாரம் ஒரு பழைய டைரியை எடுத்தேன். இடது பக்கம் என்ன சாப்பிட்டேன், எவ்வளவு. வலது பக்கம் சாப்பிடுவதற்கு முன் எவ்வளவு, முதல் வாய் வைத்ததிலிருந்து சரியாக இரண்டு மணி நேரம் கழித்து எவ்வளவு. சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுத்தான் குத்தணும். மாம்பழம் நறுக்கின கையோட ஒரு நாள் குத்தினால் மாம்பழத்தின் சர்க்கரையும் சேர்ந்து கணக்கில் வரும், பயந்து போயிடுவீங்க. விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு.

நாலு இட்லி, சாம்பார். இரண்டு மணி நேரம் கழித்து 232. மறுநாள் இரண்டே இட்லி, கிண்ணம் நிறையக் காய் போட்ட சாம்பார், ஒரு கப் கொத்துக்கடலைச் சுண்டல். 171. வயிறும் நிறைஞ்சுது. அடுத்து எல்லாரும் புகழும் கேழ்வரகுக் கஞ்சி. "ராகி சாப்பிடு, ராகி சாப்பிடு" என்று கோயிலில் பார்க்கிறவர்கள் கூடச் சொன்னாங்க. குடித்தேன். 224! நைசா அரைச்சுக் கூழாக் கரைச்சா அது கிடுகிடுன்னு ரத்தத்துக்குப் போயிடுது. முழுப் பயறு அரைத்த அடை ரெண்டு சாப்பிட்ட அன்றைக்கு 158. இது என் உடம்பின் கணக்கு. உங்கள் உடம்பு வேறு சொல்லலாம். அதுக்குத்தான் உங்க விரலைக் கேட்கச் சொல்றேன்.

இன்னொரு புதிர் இருந்தது. ராத்திரி கொஞ்சம்தான் சாப்பிட்டேன், காலையில் எழுந்து பார்த்தால் 150. தூங்கும்போது யார் எனக்குச் சோறு ஊட்டினாங்க? டாக்டர்தான் விளக்கினார். கல்லீரல். அது ஒரு பண்டகசாலை. விடியற்காலையில், "இவ எழுந்திருக்கப் போறா, வேலைக்குச் சக்தி வேணுமே" என்று கதவைத் திறந்து சர்க்கரையை வெளியே விடுது. இன்சுலின் பேச்சைக் கேட்காத கல்லீரல் கொஞ்சம் தாராளமாவே திறந்துடுது. என் மாத்திரை வேலை செய்கிற முக்கியமான இடம் அந்தக் கதவுதான் என்றார். நடுவர் அவர்களே, இந்த இடத்தில் எதிரணிக்கு ஒரு மதிப்பெண் நானே கொடுக்கிறேன். கதவுக்கு மாத்திரை. ஆனால் சாலையை மூட்டை மூட்டையா நிரப்புகிற கை யாருடையது?

இயந்திரம் வாங்கிவிட்டாலே சர்க்கரை குறைந்துவிடும் என்றும் நான் சொல்லலை. குத்திப் பார்த்து, எண்ணைப் பார்த்து, "அடடா" என்று சொல்லிட்டு அதே நாலு இட்லியைச் சாப்பிட்டால் ஸ்ட்ரிப் காசுதான் தண்டம். இன்சுலின் போடாதவர்கள் வாழ்நாள் முழுக்கத் தினம் குத்திக்கணும் என்றும் இல்லை. புதுசா நோய் கண்ட வாரங்களிலும், சாப்பாட்டையோ மாத்திரையையோ மாற்றும்போதும் பார்த்தால் போதும், எத்தனை தடவை என்பதை டாக்டரிடம் கேட்டுக்கணும். அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சராசரிப் பரிசோதனை. அதை ஏமாத்தவே முடியாது. என் மாணவர்கள் தேர்வுக்கு முந்தின ராத்திரி மட்டும் படிப்பாங்க. அது மாதிரி லேபுக்குப் போறதுக்கு முன்னால் ரெண்டு நாள் கஞ்சித் தண்ணியில் இருந்துட்டு, ரத்தம் கொடுத்த கையோட எதிர்த்த ஓட்டலில் பூரி கிழங்கு! வெறும் வயிற்றுக் கணக்கு அதில் ஏமாறும். சிவப்பணு நூற்றிருபது நாள் வாழுது, அது அத்தனை நாளும் பார்த்ததைச் சொல்லிடும். எனக்கு ஆறு மாதம் கழித்து 8.4 என்பது 6.6-க்கு வந்தது. டாக்டர் மாத்திரையைக் கூட்டவில்லை. அதே மாத்திரை, அதே அளவு. மாறியது தட்டு.

இப்ப எங்க அக்காவைப் பற்றிச் சொல்லணும். அக்காவுக்கு என்னைவிட ஒன்பது வயது கூட. பதினாலு வருஷமா சர்க்கரை. ஒரு நாள் மாத்திரை தவறினதில்லைங்க. காலையில் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, கோயில் மணி மாதிரி. எதிரணி நண்பர்களே, உங்கள் கட்சியின் மிக விசுவாசமான உறுப்பினர் எங்க அக்கா. ஆனால் அவங்க என்ன சாப்பிட்டாங்க? அத்தான் சாப்பிட்டு, பிள்ளைங்க சாப்பிட்டு, பேரன் மிச்சம் வைத்ததை வழித்து, பாத்திரத்தில் ஒட்டியிருந்த சாதத்தை மோர் ஊத்திப் பிசைந்து. காய் இருக்காது, அது முதல் பந்தியிலேயே தீர்ந்து போயிருக்கும். வீணாப் போகக் கூடாதே என்று ரெண்டு தோசை. அத்தானுக்கும் சர்க்கரைதான். அவருக்குத் தனியாக் கோதுமை ரவை உப்புமா, சர்க்கரையில்லாத காபி, உப்புக் குறைச்ச கறி, எல்லாம் அக்கா செய்து கொடுப்பாங்க. அக்காவுக்கு யார் செய்து கொடுத்தாங்க? போன வருஷம் காலில் ஒரு சின்னக் கொப்புளம். உணர்ச்சியே இல்லை, அதனால் வலிக்கலை. வலிக்காததனால் யாரிடமும் சொல்லலை. கடைசியில் இடது காலில் ரெண்டு விரலை எடுத்துட்டாங்க. ஆஸ்பத்திரியில் கட்டிலில் படுத்துக்கிட்டு என்னிடம் கேட்டாங்க, "நான் மாத்திரை ஒழுங்காத்தானேடி போட்டேன்?" என்று.

நான் என்ன பதில் சொல்ல முடியும், சொல்லுங்க.

இங்கே இருக்கிற ஆண்களிடம் ஒரு வேண்டுகோள். உங்க வீட்டில் சர்க்கரை வந்தது அம்மாவுக்கோ மனைவிக்கோ என்றால், அவங்க தட்டில் முதல் கரண்டி காயை நீங்க போடுங்க. எங்க வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இல்லை. ஆனால் எட்டு மாதமா எங்க வீட்டில் ஒரே சமையல்தான். முதல் வாரம் முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டார். "உனக்கு வந்ததுக்கு எனக்கு ஏன் தண்டனை?"ன்னார். இது தண்டனை இல்லைங்க, ஒரு முன்பதிவு என்று சொன்னேன். 2023-ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகக் கணக்குப்படி நாட்டில் பத்துக் கோடிக்கு மேல் சர்க்கரை நோயாளிகள். வாசலில் நிற்பவர்கள் அதைவிட அதிகம், பதிமூன்றரைக் கோடி. தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு நோய் இருக்கு. ஒரே வீட்டில் ரெண்டு சமையல் எத்தனை நாளைக்குச் செய்வது? இப்ப அவருக்கும் நாலு கிலோ குறைஞ்சிருக்கு. "என் யோசனைதான்"னு நண்பர்களிடம் சொல்லிக்கிட்டிருக்கார்.

எதிரணியின் அம்மையார் அரசுத் திட்டத்தைச் சொன்னாங்க. 2021 ஆகஸ்டில் தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்', சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது என்றாங்க. நடக்க முடியாத பெரியவர்களுக்கு அது பெரிய உதவிதான். மாத்திரை வீடு தேடி வரும் அம்மா. பக்கத்துக் கடைக்காரர் மைசூர்பாகும் வீடு தேடி வருதே, அதை யார் திருப்பி அனுப்புவது?

மணி அடிச்சுட்டீங்க, இரண்டு நிமிஷம் கொடுங்க. வீட்டில் கேட்கிறவர்கள் என் பேச்சை வைத்து ஆபத்தில் மாட்டிக்கக் கூடாது. அக்காவோ தம்பியோ மேடையில் பேசினாங்க என்று மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. குறைப்பது, நிறுத்துவது எல்லாம் உங்கள் டைரியைப் பார்த்து டாக்டர் சொல்லணும். இன்சுலின் போடுகிறவர்கள், கணையத்தைத் தட்டி எழுப்பும் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் திடீரென்று சாதத்தைக் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து போகும். வேர்க்கும், கை நடுங்கும், கண் இருட்டும். உடனே குத்திப் பாருங்க. 70-க்குக் கீழே இருந்தால் மூணு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில் கரைத்துக் குடிச்சுட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்கணும். அந்த நேரத்தில் சர்க்கரைதான் மருந்து. ராத்திரி படுக்கும்போது பாதத்தை ஒரு தடவை வெளிச்சத்தில் பார்த்துட்டுப் படுங்க. குனிய முடியலைன்னா கண்ணாடியை வைத்துப் பாருங்க. பேரனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்க.

எதிரணித் தம்பிக்காக என் பையில் மீட்டர் கொண்டு வந்திருக்கேன். போண்டா சாப்பிட்டு ஒண்ணே முக்கால் மணி நேரம் ஆகுது. கால் மணி நேரம் பொறுத்து மேடைக்குப் பின்னால வந்தார்னா, புது ஊசி போட்டு நானே குத்தி விடறேன். தீர்ப்பு எழுதுறதுக்கு முன்னால் நடுவர் அந்த எண்ணை மட்டும் கேட்டுக்கணும்.